இரண்டு முத்திரை விழுந்தால் செல்லாத ஓட்டு

1985 சட்டமன்றத் தேர்தலில் எனக்குப் புதுவையை அடுத்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எலெக்‌ஷன் டியூட்டி. அப்போதெல்லாம் மெஷின் கிடையாது. ஓட்டுச் சீட்டு, ரப்பர் முத்திரை, தகரப் பெட்டி. மதியம் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பாட்டி ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே போகிற வழியில் என் மேசைப் பக்கம் நின்று, "ரெண்டு பேருக்குமே குத்திட்டேன் தம்பி. ரெண்டும் நம்ம ஊர்ப் பிள்ளைங்கதானே, ஒருத்தனுக்குக் குத்தி ஒருத்தனை எப்படி விடறது?" என்று சொல்லிவிட்டுப் போனார். பிரிசைடிங் ஆபீசர் தலையில் அடித்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

எண்ணுகிற மேசையிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பெயருக்கு நேரே முத்திரை விழுந்த சீட்டுகள் ஒவ்வொரு கட்டிலும் சில வரும். எடுத்துத் தனியாக வைப்போம். செல்லாத ஓட்டு. சட்டம் அப்படி. படிப்பறிவு இல்லாத ஜனங்கள், தெரியாமல் செய்கிறார்கள் என்றுதான் முப்பத்தைந்து வருட சர்வீஸ் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டிக்குத் தெரிந்த விஷயம் எனக்குத் தெரிவதற்கு ரிடையர் ஆக வேண்டியிருந்தது. அதைத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக.

1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. என் மாமனார் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் எழுதிக் கொடுத்தார். இதனால் பிரெஞ்சு மீடியத்தில் படித்து, அந்த நாட்டுச் சரித்திரத்தை மனப்பாடம் செய்த நான் இந்தியன். தமிழ் மீடியத்தில் படித்து, பிரெஞ்சில் நாலு வாக்கியம் மட்டும் பேசுகிற என் மனைவி பிரெஞ்சுக் குடிமகள். பாரீசில் யார் அதிபர் என்று தீர்மானிக்கும் உரிமை அவளுக்கு உண்டு, எனக்குக் கிடையாது. தேர்தல் வந்தால் வீட்டுக்கு வரும் வேட்பாளர்களின் அறிக்கைகளைப் படித்துத் தமிழில் சொல்வது மட்டும் என் வேலை. மொழிபெயர்ப்பாளனுக்கு ஓட்டு இல்லை.

2002 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. அதிபர் தேர்தலின் முதல் சுற்று. அங்கே இரண்டு சுற்று முறை என்பது தெரிந்திருக்கும். முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், முதல் இரண்டு பேர் மட்டும் இரண்டு வாரம் கழித்து மோதுவார்கள். அந்த வருடம் 16 பேர் போட்டி. வலதுசாரியில் அப்போதைய அதிபர் சிராக். இடதுசாரியில் அப்போதைய பிரதமர் ழொஸ்பேன். இரண்டாம் சுற்று இந்த இருவருக்கும்தான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

என் மனைவிக்கு ழொஸ்பேன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் கிறிஸ்தியான் தொபிரா என்று ஒரு பெண்மணி இருந்தார். தென் அமெரிக்காவில் பிரான்சுக்குச் சொந்தமான கயானாவிலிருந்து வந்த கறுப்பினப் பெண், நாடாளுமன்ற உறுப்பினர். அடிமை வியாபாரத்தை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று அறிவிக்கும் 2001ஆம் வருடச் சட்டத்தைக் கொண்டுவந்தவர். "நம்ம மாதிரி கடல் தாண்டி இருக்கறவங்கள்ல இருந்து ஒருத்தி நிக்கறா. முதல் சுற்றுதானே, அவளுக்குப் போடறேன். ரெண்டாவது சுற்றுல ழொஸ்பேனுக்குப் போட்டுக்கலாம்" என்றாள். நானும் சரி என்றேன். அவள் கன்சுலேட்டுக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள்.

அங்கே இரவு எட்டு மணிக்கு முடிவு சொன்னால் நமக்கு இரவு பதினொன்றரை. விழித்துக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். திரையில் இரண்டு முகம் வந்தது. ஒன்று சிராக். இன்னொன்று ழொஸ்பேன் இல்லை. தீவிர வலதுசாரியான லெ பென்.

சிராக் 19.88 சதவீதம், லெ பென் 16.86, ழொஸ்பேன் 16.18. லெ பென்னுக்கும் ழொஸ்பேனுக்கும் வித்தியாசம் 1,94,600 ஓட்டு. தொபிராவுக்கு விழுந்தது 6,60,000க்கும் மேல். ழொஸ்பேன் அன்றிரவே அரசியலை விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டார்.

என் மனைவி அன்றைக்குத் தூங்கவில்லை. வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களை வெறுக்கும் ஒருவர் இரண்டாம் சுற்றில் நிற்கிறார், நம் பையன் அங்கே படிக்கப் போயிருக்கிறான், அதற்கு நானும் ஒரு காரணம் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். ஒரு ஓட்டால் எதுவும் மாறியிருக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "என்னை மாதிரி நினைச்சவங்க எத்தனை பேரு?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாம் சுற்றில் பிடிக்காத சிராக்குக்குப் போட்டுவிட்டு வந்தாள். அவர் 82 சதவீதம் வாங்கி ஜெயித்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் தொபிரா பெயரை எடுப்பதே இல்லை.

சரி, அவள் செய்தது தப்பா? எத்தனையோ வருடமாக இதை யோசித்திருக்கிறேன். ழொஸ்பேன் அரசாங்கத்தில் கூட்டாளிகளாக இருந்த தரப்புகளிலிருந்தே ஷெவெனமோன், மமேர், ஹூ, தொபிரா என்று நான்கு பேர் தனித்தனியாக நின்றார்கள். இந்த நால்வரின் ஓட்டைக் கூட்டினால் ழொஸ்பேன் வாங்கியதற்குச் சமமாக, 16 சதவீதத்துக்கும் மேலே வருகிறது. அவர்களுக்குப் போட்டவர்களில் பெரும்பாலோர் ழொஸ்பேனையும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். ஆனால் அதைச் சொல்ல அந்தச் சீட்டில் இடமில்லை. பிரான்சில் வேட்பாளருக்கு ஒரு சீட்டு. ஒன்றை உறையில் போட்டுப் பெட்டிக்குள் விட வேண்டும். இரண்டு பெயர்ச் சீட்டுகளைச் சேர்த்துப் போட்டால் அங்கேயும் செல்லாத ஓட்டுதான்.

அந்தத் தேர்தல் நாளன்றே ஓர்சே என்ற ஊரின் ஐந்து வாக்குச்சாவடிகளிலும், ழீ-லே-நொனேன் என்ற ஒரு சிறு கிராமத்திலும் ஒரு சோதனை நடந்தது என்பதைப் பிறகுதான் படித்தேன். நிஜ ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்களிடம் ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு தாளைக் கொடுத்தார்கள். 16 பெயர்களும் அதில் இருக்கும். உங்களுக்கு ஏற்புடையவர் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் குறி போடலாம். ஏறத்தாழ 2600 பேர் கலந்துகொண்டார்கள். சராசரியாக ஆளுக்கு மூன்று பெயருக்குக் கொஞ்சம் மேலே குறி போட்டிருந்தார்கள்.

இதைத்தான் ஒப்புதல் ஓட்டு என்கிறார்கள். பிரெஞ்சில் வோத் பர் அப்ரொபாசியோன். ஸ்டீவன் பிராம்ஸ், பீட்டர் ஃபிஷ்பர்ன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1978இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பிரபலம். முறை இதற்கு மேல் எளிதாக இருக்க முடியாது. அதே சீட்டு, அதே முத்திரை. எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் குத்தலாம். ஒவ்வொருவருக்கும் விழுந்ததைக் கூட்டு. அதிகம் வாங்கியவர் ஜெயித்தார். எங்கள் கிராமத்துப் பாட்டி செய்தது இதைத்தான். சராசரியாக மூன்று பெயருக்குக் குறி போட்ட ஓர்சேக்காரர்கள் படிப்பறிவு இல்லாதவர்கள் அல்ல. அது பல்கலைக்கழகம் உள்ள ஊர்.

இந்த முறைக்குப் பொதுத் தேர்தலைவிடப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு என்பது என் அபிப்பிராயம். கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். பிரைமரி என்கிறார்கள். நம் ஊரில் வேட்பாளரைத் தலைமை அறிவிக்கும், நாம் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்வோம். அமெரிக்காவிலும் பிரான்சிலும் பல கட்சிகள் அதற்கும் ஓட்டெடுப்பு நடத்துகின்றன.

பொதுத் தேர்தலில் எதிரெதிர் கட்சிகள் நிற்கும். ஒருவரைப் பிடித்தால் மற்றவரைப் பிடிக்காது. கட்சிக்குள் அப்படி இல்லை. நிற்பவர்கள் எல்லோரும் ஒரே கொள்கைக்காரர்கள். ஓட்டுப் போடுகிறவருக்கு மூன்று பேரைப் பிடித்திருப்பது சகஜம். அங்கே போய் "ஒன்றே ஒன்றைச் சொல்" என்றால் ஓட்டுச் சிதறத்தான் செய்யும். 2021இல் பிரெஞ்சு பசுமைக் கட்சிக்காரர்கள் நடத்திய பிரைமரியைப் பாருங்கள். முதல் சுற்றில் ழதோ 27.70 சதவீதம், ரூசோ 25.14, பத்தோ 22.32, பியோல் 22.29. நான்கு பேரும் ஏறக்குறைய ஒரே உயரம். இரண்டாம் சுற்றில் ழதோ 51, ரூசோ 49. பாதிக் கட்சியின் மனத்தாங்கலோடுதான் ழதோ பிரசாரத்துக்குக் கிளம்பினார். பத்தோவையோ பியோலையோ நான்கு தரப்பும் ஏற்றுக்கொண்டிருக்குமா என்பதை அந்தச் சீட்டுகளிலிருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை. யாரும் அதைக் கேட்கவில்லை.

அமெரிக்காவில் ஒரு ஊர் கேட்டது. மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ். 1764இல் பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கிய ஊர். எங்கள் பழைய புதுவைக் கோட்டைக்கும் லூயி பெயர்தான். அதனால் அந்த ஊர் என்றால் எனக்குக் கொஞ்சம் ஒட்டுதல்.

அது டெமாக்ரடிக் கட்சியின் கோட்டை. அந்தக் கட்சியின் பிரைமரியில் ஜெயிப்பவர்தான் மேயர் என்பது எழுதாத விதி. 2017 பிரைமரியில் ஏழு பேர் நின்றார்கள். லைடா க்ரூசன் 32 சதவீதம் வாங்கி ஜெயித்தார். டிஷாரா ஜோன்ஸ் 30 சதவீதம். வித்தியாசம் 888 ஓட்டு. லூயிஸ் ரீட், ஆன்டோனியோ பிரெஞ்சு (பெயரே பிரெஞ்சு!) என்ற இருவர் சேர்ந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார்கள். க்ரூசன் வெள்ளைக்காரர், மற்ற மூவரும் கறுப்பினத்தவர். ஒரு சமூகத்தின் ஓட்டு மூன்றாகப் பிரிந்ததால் முடிவு மாறியது என்ற பேச்சு எழுந்தது. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கியவர் ஊருக்கே மேயர்.

2020 நவம்பரில் அந்த ஊர் மக்கள் ஓட்டெடுப்பில் விதியை மாற்றினார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவு. மேயர் தேர்தலில் கட்சிவாரி பிரைமரியே போயிற்று. எல்லோரும் ஒரே சீட்டில் நிற்பார்கள், பிடித்தவர்களுக்கெல்லாம் குறி போடலாம், முதல் இருவர் அடுத்த மாதம் நேருக்கு நேர் மோதுவார்கள். 2021 மார்ச்சில் முதல் தடவை நடந்தது. ஜோன்ஸ் 57 சதவீதம், கேரா ஸ்பென்சர் 46, ரீட் 39, நான்காவதாக வந்தவர் 14. கூட்டிப் பார்த்துவிட்டு "நூற்றுக்கு மேலே போகிறதே" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். போகத்தான் செய்யும். ஒவ்வொரு எண்ணும் தனிக் கேள்விக்குப் பதில். நூறு பேரில் எத்தனை பேருக்கு இவர் ஏற்புடையவர் என்பது மட்டும்தான் அது. ஜோன்ஸ் ஏப்ரலிலும் ஜெயித்து மேயரானார். நான்கு வருடம் கழித்து, 2025இல், அதே முறையில் ஸ்பென்சர் 68 சதவீதம், ஜோன்ஸ் 33. மேயர் மாறினார். ஆக, யாரையோ ஜெயிக்க வைக்கச் செய்த தந்திரம் அல்ல இது என்பதும் தெரிந்துபோயிற்று.

இதில் ஓட்டையே இல்லையா என்றால், இருக்கிறது. நாங்களே பார்த்தோம்.

மாலையில் கடற்கரையில் கூடும் பென்ஷன்காரர்கள் நாங்கள் 29 பேர். போன வருடம் ஒரு நாள் வேனில் எங்கேயாவது போய்வரலாம் என்று பேச்சு. நான்கு இடம் முன்மொழியப்பட்டது. ஆளுக்கு ஒரு ஓட்டு என்று எடுத்தால் திருவண்ணாமலை 10, பிச்சாவரம் 8, தரங்கம்பாடி 7, செஞ்சி 4. திருவண்ணாமலை என்று அறிவித்தவுடன் முணுமுணுப்பு. முட்டிவலிக்காரர்கள் பாதிப் பேர், கூட்டமும் வெயிலும் ஆகாது என்பவர்கள் மீதிப் பேர். நான் இதுதான் சமயம் என்று, வேண்டியதற்கெல்லாம் குறி போடச் சொல்லிச் சின்னச் சின்னத் தாள் கொடுத்தேன். தரங்கம்பாடி 21, பிச்சாவரம் 17, திருவண்ணாமலை 11, செஞ்சி 9. மூன்றாவதாக இருந்த தரங்கம்பாடிதான் அதிகம் பேருக்கு ஆட்சேபம் இல்லாத இடம். கடல், கோட்டை, நிழல், உட்கார இடம்.

எல்லோருக்கும் சந்தோஷம், ஒருவரைத் தவிர. எங்கள் செட்டில் ரிடையர் ஆன ஆடிட் ஆபீசர் ஒருவர் இருக்கிறார். மறுநாள் வந்து சொன்னார்: "எனக்குப் பிச்சாவரம்தான் வேணும். தரங்கம்பாடி பரவாயில்லைன்னு அதுக்கும் குறி போட்டேன். பிச்சாவரத்துக்காரங்க எட்டு பேரும் அப்படித்தான் போட்டிருக்கோம், விசாரிச்சுட்டேன். நாங்க போடாம இருந்திருந்தா தரங்கம்பாடி 21லேர்ந்து 13க்கு வந்திருக்கும், பிச்சாவரம் 17ல ஜெயிச்சிருக்கும். என் கையாலேயே என் கண்ணைக் குத்திக்கிட்டேன்."

ஆடிட் கணக்கு, தப்பவில்லை. இந்த முறையின் பலவீனம் இதுதான். இரண்டாவதாகப் பிடித்ததற்குக் குறி போட்டால், முதலில் பிடித்தது தோற்கலாம். 'ரொம்பப் பிடிக்கும்' என்பதும் 'பரவாயில்லை' என்பதும் இங்கே ஒரே குறி. இதை யோசித்து எல்லோரும் உஷாராகி ஒன்றே ஒன்றுக்குப் போட ஆரம்பித்தால், பழையபடி 10, 8, 7, 4. திருவண்ணாமலைக்கு வேன் புக் பண்ண வேண்டியதுதான். அவரிடம் அதைத்தான் சொன்னேன். "ஒத்துக்கறேன். ஆனா பிச்சாவரம் போகலையே" என்றார்.

அவர் குறைக்கு ஒரு வைத்தியத்தையும் பிரான்சில் செய்து பார்த்தார்கள். பாலின்ஸ்கி, லராக்கி என்ற இருவர் வகுத்த முறை. குறி போடுவதற்குப் பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு தரம் கொடுக்க வேண்டும். த்ரே பியேன், பியேன், அஸே பியேன், பசாபிள், அன்சுஃபிசான். மிக நன்று, நன்று, சுமார் நன்று, தேறலாம், போதாது. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்கு இதைப் பார்த்தவுடன் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிடும். எங்கள் பரீட்சைகளில் கிடைத்த அதே முத்திரைகள். (எனக்குப் பெரும்பாலும் பசாபிள்.) ஒரு வேட்பாளருக்குக் கிடைத்த தரங்களை வரிசையாக அடுக்கி, நட்டநடுவில் எது இருக்கிறதோ அதுதான் அவர் தரம். ஒப்புதல் ஓட்டு என்பது பாஸ், ஃபெயில் என்று இரண்டே தரம் வைத்த இதே பரீட்சை என்று சொல்லலாம்.

2022 அதிபர் தேர்தலுக்கு முன்னால் இடதுசாரிகள் மறுபடியும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். 2002 திரும்ப வரக் கூடாது என்று சில இளைஞர்கள் கிளம்பி, 'பிரிமேர் பொப்புலேர்' என்று மக்கள் பிரைமரி ஒன்றை ஜனவரிக் கடைசியில் இணையத்தில் நடத்தினார்கள். இந்தத் தரம் கொடுக்கும் முறையில். 3,90,000க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். பிரான்சிலேயே வேலையில் இருக்கும் எங்கள் பையனும் கலந்துகொண்டான். அன்றிரவு போன் செய்து, "பப்பா, உங்க பென்ஷன்காரங்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஓட்டுப் போட்டேன். யாரையும் விடலை, எல்லாருக்கும் மார்க்" என்றான்.

ஜெயித்தது யார் தெரியுமா? தொபிரா. 'பியேன்' தரம். ழதோ இரண்டாவது, மெலான்ஷோன் மூன்றாவது.

இருபது வருடம் கழித்து அந்தப் பெயர் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒலித்தது. என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, "மத்தவங்க ஒத்துக்கிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒத்துக்கொள்ளவில்லை. மெலான்ஷோன், ழதோ, இதால்கோ மூவருமே முடிவு தங்களைக் கட்டுப்படுத்தாது என்று ஓட்டெடுப்புக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். டிசம்பரில் பிரைமரி வேண்டும் என்று கேட்டவரே இதால்கோதான். அவர்களைக் கேட்காமலேயே பட்டியலில் பெயரைச் சேர்த்து மார்க் போட்டது சரியா என்ற கேள்வியிலும் நியாயம் இருந்தது. கடைசியில் தொபிராவுக்கு அதிபர் தேர்தலில் நிற்கத் தேவையான 500 மக்கள் பிரதிநிதிகளின் கையெழுத்துக் கிடைக்கவில்லை. மார்ச் 2ஆம் தேதி விலகிக்கொண்டார். ஏப்ரல் 10 முதல் சுற்றில் மெலான்ஷோன் 21.95 சதவீதம், லெ பென்னின் மகள் 23.15. ஏறத்தாழ 4,21,000 ஓட்டில் இரண்டாம் சுற்று தவறிப்போயிற்று. கம்யூனிஸ்ட் ரூசெலுக்கு 8 லட்சம், இதால்கோவுக்கு 6 லட்சம், ழதோவுக்கு 16 லட்சம். அதே கதை.

ஆகவே நான் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது. ஒப்புதல் ஓட்டு நல்ல முறை. கட்சிக்குள் ஆளைத் தேர்ந்தெடுக்க அதைவிட எளிமையானதை நான் பார்க்கவில்லை. தனிச் சீட்டு வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், என்னைப் போன்ற ஒரு யூ.டி.சி. பேப்பரும் பென்சிலும் வைத்துக்கொண்டு எண்ணிவிடலாம். கட்சியில் பெரும்பாலோர் மனதார ஏற்கும் ஆள் யார் என்று அது காட்டிக்கொடுக்கும். தரம் கொடுக்கும் முறை இன்னும் நுட்பமானது, ஆனால் எண்ணுவதும் விளக்குவதும் சிரமம். எந்த முறையாக இருந்தாலும், நிற்பவர்கள் முதலில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும்: "நான் தோற்றால் ஜெயித்தவருக்கு வேலை செய்வேன்" என்று. அது இல்லாவிட்டால் எந்தக் கணக்கும் உதவாது. ஆடிட் ஆபீசர் எவ்வளவு குறைப்பட்டுக்கொண்டாலும் தரங்கம்பாடி வேனில் எங்களுக்கு முன்னால் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டார். அந்த மூன்று பெரிய தலைவர்களுக்கு அந்த மனசு வரவில்லை.

2022 ஏப்ரல் 10 அன்று காலையில் என் மனைவி ஓட்டுப் போடக் கிளம்பினாள். வழக்கம்போல நான்தான் ஆட்டோவில் கூடப் போனேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, 2002க்குப் பிறகு கேட்பதில்லை. திரும்பி வரும்போது அவளாகவே சொன்னாள்: "இந்தத் தடவை கணக்குப் பார்த்துப் போட்டேன். பிடிச்சவங்களுக்குப் போடலை. அதுவும் மனசுக்கு நல்லா இல்லைங்க."

பிடித்தவருக்குப் போட்டால் குற்ற உணர்ச்சி, கணக்குப் பார்த்துப் போட்டால் வருத்தம். இருபது வருட இடைவெளியில் ஒரே மனுஷிக்கு இரண்டும் நேர்ந்திருக்கிறது. அவளுக்கு மூன்று பெயருக்குக் குறி போட இடம் கொடுத்திருந்தால் இரண்டு தடவையும் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பாள்.

2027இல் அங்கே அடுத்த அதிபர் தேர்தல். இடதுசாரிகள் மறுபடியும் பிரைமரி பற்றிப் பேசுகிறார்கள். எந்த முறையில் நடத்துவார்கள் என்று பையன் தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். எனக்கு அந்தக் கிராமத்துப் பாட்டியின் ஞாபகம்தான் வருகிறது. அவர் சீட்டை எண்ணிக்கையில் தனியாக எடுத்து வைத்த கைகளில் ஒன்று என்னுடையதாகக்கூட இருக்கலாம்.